இரண்டாவது பட்டம்: முதலாண்டு நாட்குறிப்பு

செப்டம்பர் 16

பட்டதாரிகளுக்கான நான்காண்டு மருத்துவப் படிப்பு இன்று தொடங்கியது. பள்ளி முடித்து நேராக வருபவர்கள் ஐந்து, ஆறு ஆண்டுகளில் படிப்பதை நாங்கள் நான்கில் முடிக்க வேண்டும். வார்டில் கழிக்கும் காலத்தில் பெரிதாகக் கை வைக்க முடியாது. சுருங்குவது அடிப்படை அறிவியல்தான். அனாட்டமி, பிசியாலஜி, மருந்தியல் எல்லாம் ஓட்டமாக வரும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

எங்கள் குழுவில் ஒரு முன்னாள் செவிலியர், ஒரு மருந்தாளுநர், உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், வரலாறு படித்தவர். நான் இயந்திரப் பொறியியல். சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஆளாளுக்கு ஏதோ ஒரு மூலை தெரியும். முழுதும் தெரிந்தவர் யாருமில்லை.

அக்டோபர் 3

இன்று ரத்த ஓட்டம். பலகையில் எழுதிய சமன்பாட்டைப் பார்த்ததும் பழைய நண்பரைக் கண்ட சந்தோஷம்: புவாசேய் விதி. குழாயில் திரவம் எவ்வளவு பாயும் என்று கணக்கிட வேலையில் அன்றாடம் பயன்படுத்தியது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். புவாசேய் ஒரு மருத்துவர் என்பது மட்டும் இன்றுதான் தெரிந்தது. நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறியத்தான் கண்ணாடிக் குழாய்களை வைத்து அளந்திருக்கிறார். நாங்கள் எங்களுடையது என்று நினைத்திருந்த சமன்பாடு மருத்துவத்திலிருந்து எங்களுக்கு வந்தது.

விபத்தில் ரத்தம் இழந்து வருபவருக்கு ஏன் தடிமனான, நீளம் குறைந்த ஊசிக்குழாயைக் கையில் ஏற்றுகிறார்கள் என்பதும் இதே விதிதான். நீளம் கூடினால் ஓட்டம் குறையும். ஆரம் கூடினால் நான்காம் அடுக்கில் ஏறும். கழுத்து வழியாக இதயத்தருகே போகும் நீண்ட மெல்லிய குழாயைவிட, கையில் போடும் குட்டையான தடித்த குழாயில் திரவம் வேகமாகப் போகும். செவிலியர் தோழி, “இதை எத்தனையோ முறை செய்திருக்கிறேன், காரணம் இப்போதுதான் பிடிபட்டது” என்றார்.

அக்டோபர் 24

பிசியாலஜியில் காரணத்தைப் பிடித்தால் மற்றது தானாக வரும். அனாட்டமி அப்படியில்லை, மனப்பாடம் மட்டும்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். பெரும்பாலும் உண்மைதான். மணிக்கட்டில் எட்டு எலும்புகளின் பெயரை எந்த விதியிலிருந்தும் வருவிக்க முடியாது.

ஆனால் இன்று டிசெக்‌ஷன் கூடத்தில் ஒன்றைப் பார்த்தேன். தன் உடலை எங்களுக்காகத் தந்துவிட்டுப் போன ஒரு முதியவரின் மார்புக்கூடு. மூளையிலிருந்து கழுத்து வழியாக மார்புக்கு இறங்கும் வேகஸ் நரம்பிலிருந்து பிரியும் ஒரு கிளை, குரல்வளைக்குப் போக வேண்டியது, இடப்பக்கம் மார்புக்குள் இறங்கி, மகாதமனியின் வளைவுக்கு அடியில் சுற்றி, மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. தடித்த நூல் அளவுதான் இருக்கும். இடுக்கியால் மெதுவாகத் தூக்கியபோது தமனியின் கீழ்விளிம்பில் அது வளைந்து திரும்புவது தெளிவாகத் தெரிந்தது. வலப்பக்கம் அவ்வளவு தூரம் இறங்குவதில்லை. கைக்குப் போகும் சப்கிளேவியன் தமனியைச் சுற்றியே திரும்பிவிடுகிறது.

பொறியாளர் எவரும் இப்படி வயர் இழுக்க மாட்டார். ஏன் என்று கேட்டேன். ஆசிரியர் கருவியலுக்கு அழைத்துப் போனார். கருவில் இந்த நரம்பு நேராகத்தான் போகிறது, தமனி வளைவுகளுக்குக் கீழாக. அப்புறம் கழுத்து நீள்கிறது, இதயம் மார்புக்குள் இறங்குகிறது, தமனி நரம்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. வலப்பக்கம் கீழ் வளைவுகள் மறைந்துவிடுவதால் அங்கே நரம்பு மேலேயே தங்கிவிடுகிறது. வடிவமைப்பாகப் பார்த்தால் புரியாதது, வளர்ந்த வரலாறாகப் பார்த்தால் புரிகிறது. வரலாறு படித்த நண்பர் இதை என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்.

குரல் கம்மி வாரக்கணக்கில் சரியாகாதவருக்கு ஏன் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்க்கிறார்கள் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. இடது நுரையீரலின் வாயிலில் புற்றுநோய் வளர்ந்து இந்த நரம்பை அழுத்தலாம். கோளாறு மார்பில், அடையாளம் குரலில்.

நவம்பர் 19

மருந்துகளின் பெயர்கள். ஆங்கி என்ற மனப்பாடச் செயலியின் கேள்வி-பதில் அட்டைகளைக் காலையில் புரட்டுகிறேன், இரவில் புரட்டுகிறேன். இதில் எழுத வேறொன்றுமில்லை.

ஜனவரி 22

முதல் வார்டு நாள். இளம் மாணவர்களுக்கு வராத ஒரு சிக்கல் எங்களுக்கு வருகிறது. தலையில் ஓரிரண்டு நரை, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். நோயாளிகள் பார்த்ததும் “டாக்டர், எனக்கு இது சரியாகிவிடுமா?” என்று கேட்கிறார்கள். மாணவர் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். வாய்தவறி ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொன்னால்கூட அதை மருத்துவரின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன்.

மூச்சுத் திணறலோடு ஒரு பெரியவர். குழுவில் ஒருவர் பாடப்புத்தகக் கேள்வியைக் கேட்டார்: “எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள், ஐயா?” படுத்தால் கால்களிலிருந்து ரத்தம் மார்புக்குத் திரும்பும், பலவீனமான இதயம் அதைச் சமாளிக்காமல் நுரையீரலில் நீர் தேங்கும். அதனால்தான் அந்தக் கேள்வி. “தலையணையே வைப்பதில்லை” என்றார் பெரியவர். தாளில் அப்படியே எழுதினால் நல்ல செய்தி. செவிலியர் தோழி மட்டும் விடவில்லை: “ராத்திரி எங்கே தூங்குவீர்கள்?” “நாற்காலியில்தாம்மா. படுத்து மாசக்கணக்காச்சு.”

எந்தச் சமன்பாடும் இந்தக் கேள்வியைத் தராது. இரவுப் பணியில் எத்தனையோ நோயாளிகளின் அருகில் நின்றவருக்குத்தான் அது தோன்றும்.

மார்ச் 27

ஆஸ்கி (OSCE) எனும் செய்முறைத் தேர்வு முடிந்தது. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்திய முறை. மணி அடிக்க அடிக்க ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு நகர வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேஸ், ஒரே மதிப்பெண் பட்டியல். கை கழுவினாயா, பெயரும் பிறந்த தேதியும் சரிபார்த்தாயா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. இதைச் சடங்கு என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு இயந்திரத்தையும் தொடுவதற்கு முன் மின்சாரம் துண்டிக்கப்பட்டதா என்று பார்ப்போம்; தெரிந்த வேலைதான் என்பதற்காக யாரும் அதைத் தாண்டிப் போனதில்லை.

மார்ச் 30

அடுத்தது சிறுநீரகம். ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியே விடுகிறது. எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு குழாய்கள் வழியாக உப்பின் செறிவைப் படிப்படியாக ஏற்றும் ஹென்லே வளைவு (சிறுநீரகத்தின் நுண்குழாயில் கொண்டை ஊசி போல வளைந்த பகுதி), வெப்பப் பரிமாற்றியில் நான் வருடக்கணக்கில் பார்த்த அமைப்புக்கு நெருங்கிய உறவு. உறவு எந்த இடத்தில் முடிகிறது என்றும் பார்க்க வேண்டும்: இங்கே குழாய்ச்சுவரே ஆற்றலைச் செலவழித்து உப்பை வெளியே தள்ளுகிறது. குழுவில் இந்தப் பகுதியை நானே நடத்துகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சிறுநீர் பெருக்கி மருந்துகளை மருந்தாளுநர் எடுத்துக்கொள்கிறார். வியாழன் மாலை உட்காருகிறோம்.