அங்கியை மடித்துக் கட்டிய ஃபாதர்கள்

நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழு எனக்குக் கொடுத்த தலைப்பு ‘நம் பள்ளியின் தோற்றமும் கொள்கையும்’. பார்த்ததும் ஆண்டு விழா அறிக்கைதான் ஞாபகம் வந்தது. அந்த நடையில் எழுதினால் நீங்கள் யாரும் இரண்டாவது பத்தியைத் தாண்ட மாட்டீர்கள். எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன்.

திருப்பத்தூரில் போர்டிங்கில் சேர்ந்தபோது எனக்கு ஆறாம் வகுப்பு. ஊர் ஜவ்வாது மலையடிவாரம். வீட்டில் மல்லாட்டை விவசாயம், மழை ஏமாற்றினால் அதுவும் இல்லை. நாங்கள் கிறிஸ்தவர்களும் இல்லை. “சாமியார் ஸ்கூல்ல பிள்ளைங்க கூடவே இருந்து பாத்துக்குவாங்களாம்” என்று சந்தையில் யாரோ சொன்னதை நம்பி அப்பா ஒரு தகரப் பெட்டியோடு என்னைக் கொண்டுவந்து விட்டார். பள்ளியின் கொள்கையை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த ‘கூடவே இருப்பது’ இத்தாலியில் தூரின் நகரத்தில் ஆரம்பித்தது. 1841 டிசம்பர் 8, மாதா திருநாள். நம் பள்ளியை நடத்தும் சலேசிய சபையைப் பின்னாளில் நிறுவிய தொன் போஸ்கோ அப்போதுதான் குருவான இளைஞர். பூசைக்கு உதவத் தெரியாது என்று சொன்ன ஒரு பையனைக் கோயில்பிள்ளை, அதாவது கோயில் பணியாளர், அடித்து விரட்டுகிறார். தொன் போஸ்கோ அவனைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார். பெயர் பர்த்தலோமேயு கரேல்லி, கொத்து வேலைக்கு வந்த அனாதை. படிக்கத் தெரியுமா? தெரியாது. பாட? தெரியாது. விசில் அடிக்கவாவது? பையன் சிரித்துவிட்டானாம். இதை எங்களுக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் சொல்வார்கள். விசில் வரும் இடத்தில் பின்வரிசையில் யாராவது நிஜமாகவே அடித்துக் காட்டுவதும் வழக்கம்.

வேறொரு கதை எனக்கு இன்னும் பிடிக்கும். வீடில்லாத பையன்களைத் தங்க வைக்க அவர் முயன்றபோது, முதலில் வந்த கும்பல் வைக்கோல் பரணில் படுத்துவிட்டு, விடிவதற்குள் போர்வைகளைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டது. அப்புறம் 1847 மே மாதம், மழையில் நனைந்தபடி ஓர் அனாதைப் பையன் வந்து நின்றான். தொன் போஸ்கோவின் தாயார் மார்கரீத்தா அடுப்பங்கரையிலேயே செங்கல் அடுக்கிப் பலகை போட்டுப் படுக்க வைத்தார். தூங்குமுன் நாலு நல்ல வார்த்தை சொன்னார். சொல்லிவிட்டு அடுப்பங்கரையைப் பூட்டியும் வைத்தார்! பாசம் இருந்தது, பானை சட்டி மேல் கவலையும் இருந்தது. நம் போர்டிங்கில் இரவு செபம் முடிந்ததும் இல்லத் தலைவரான ரெக்டர் ஐந்து நிமிடம் பேசும் ‘குட்நைட்’ அந்த அடுப்பங்கரையிலிருந்துதான் வந்தது. அன்று பொழுதோடு நடந்த சங்கதியை எடுத்துப் பேசுவார், பிரசங்கம் கிடையாது. பாதிப் பேர் நின்றபடியே தூங்கிவிடுவோம் என்பது வேறு விஷயம்.

வேலைக்குப் போன பையன்களையும் தொன் போஸ்கோ கைவிடவில்லை. 1850-களின் தொடக்கத்திலேயே முதலாளிகளிடம் எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டார். பையனை அடிக்கக் கூடாது, ஓய்வு நாளில் வேலை வாங்கக் கூடாது என்று அதில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புகளையும் குடியாத்தம் பக்கம் பீடி சுற்றிய வீடுகளையும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் காகிதத்தின் மதிப்பு தெரியும்.

சலேசியர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தது 1906-ல், தஞ்சாவூருக்கு. அதுவரை மில்ஹில் என்ற இங்கிலாந்து மிஷனரி சபையார் கையில் இருந்த சென்னை மறைமாவட்டம் 1928-ல் இவர்களிடம் வந்தது. அதோடு வட ஆற்காடும் சேர்ந்து வந்தது. 1951-ல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி. 1952-ல் வேலூர் தனி மறைமாவட்டம் ஆனபோது முதல் ஆயர் பாப்லோ மரியசெல்வமும் சலேசியர்தான். 1954-ல் காட்பாடியில் பெண்களுக்கு ஆக்சிலியம் கல்லூரியைத் தொடங்கியவர்கள் சலேசிய சகோதரிகள். வரலாறு இவ்வளவு போதும்.

மீதியை மைதானத்தில்தான் பார்க்க வேண்டும். சாயங்கால மணி அடித்ததும் ஃபாதர்கள் வெள்ளை அங்கியை இடுப்பில் மடித்துச் செருகிக்கொண்டு இறங்குவார்கள். கால்பந்தில் முட்டி மோதுவார்கள், தள்ளினால் விழுவார்கள், ஃபவுல் என்று எங்களோடு சண்டையும் போடுவார்கள். குருவாகப் பயிற்சி பெறும் அசிஸ்டென்ட் பிரதர் ஸ்டடியிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் படுக்கைக் கூடத்திலும் இருப்பார். இது கண்காணிப்புத்தானே என்று கேட்டால், ஆமாம், ஓரளவுக்கு அதுவும்தான். தப்பு நடந்தபின் தண்டிப்பதைவிட, நடக்க இடம் கொடுக்காமல் பக்கத்தில் இருப்பது என்று தொன் போஸ்கோ 1877-ல் எழுதிய முறை அது. அறிவு, இறைப்பற்று, அன்பு என்ற மூன்றின் மேல் அதை நிறுத்தினார். ஆனால் வீட்டில் யாரோடும் அதிகம் பேசாத ஒரு பையனுக்கு, தன் பெயரையும் தன் ஊரில் மழை பெய்ததா என்பதையும் ஞாபகம் வைத்துக் கேட்கும் ஆளைக் கண்காணிப்பாளர் என்று நினைக்கத் தோன்றாது.

கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் நேரம் எங்களுக்கு நீதிபோதனை. ஜனவரி 31 தொன் போஸ்கோ திருநாளுக்கு மட்டும் அந்தப் பிரிவு கிடையாது. எல்லாருக்கும் ஒரே பந்தி, கறிச்சோறு. பதினைந்து வயது நிறையுமுன் இறந்துபோய் 1954-ல் புனிதரான தோமினிக் சாவியோவின் படம் ஸ்டடி ஹாலில் மாட்டியிருக்கும். எப்போதும் சந்தோஷமாக இருப்பதுதான் இங்கே புனிதம் என்று அவன் புதிதாக வந்த ஒரு பையனிடம் சொன்னானாம். கணக்குத் தேர்வுக்கு முந்தின ராத்திரி எங்களுக்கு அது பொருந்தவில்லை.

இப்போது மஸ்கட்டில் உட்கார்ந்து நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவைப் பார்க்கிறேன். நூற்றுக்கு நூறு தேர்ச்சி, மாநில அளவில் இடம், பழைய மாணவர் பெயரில் தோரண வாயில் என்றே பேச்சு ஓடுகிறது. தேர்ச்சி நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? ஆனால் தேறுவானா என்று பார்த்து பையனைச் சேர்க்கும் பள்ளியாக இருந்திருந்தால் கரேல்லியும் உள்ளே வந்திருக்க மாட்டான், நானும் வந்திருக்க மாட்டேன். மலையிலிருந்தும் சேரியிலிருந்தும் வரும் பையன்களின் போர்டிங் கட்டணத்தைச் சங்கம் ஏற்க வேண்டும். மாலையில் மைதானத்தில் அவர்களோடு நிற்க ஆளுக்குச் சம்பளமும் கொடுக்கலாம், ஏனென்றால் இளம் பிரதர்கள் இப்போது குறைவு. அடுத்த பொதுக்குழுவில் தோரண வாயில் தீர்மானம் வந்தால் நான் எதிர்த்துத்தான் கை தூக்குவேன். தலைவர் கோபித்துக்கொள்ள வேண்டாம்; அவரும் என்னோடு அதே போர்டிங்கில் களி தின்றவர்தான்.