மாம்பழமும் கிணற்றுத் தண்ணீரும்

கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு மேற்பார்வையாளர் ஒருவரை முதன்முதலாக அணுகுவது எப்படி என்பதை நான் முறையாகவே படித்து வைத்திருந்தேன். அவருடைய அண்மைக்காலக் கட்டுரைகளை வாசிக்க வேண்டும், மின்னஞ்சல் சுருக்கமாக இருக்க வேண்டும், ஆய்வு முன்மொழிவு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, பதில் வராவிட்டால் சில வாரங்கள் பொறுத்து நினைவூட்ட வேண்டும். இந்த விதிகளை எழுதியவர்களுக்கு உரும்பிராயில் ஒரு பெரியம்மா இருந்திருக்க வாய்ப்பில்லை.

என் விடயம் நிலத்தடி நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது, வழுக்கியாறும் மாரிக்குத்தான். ஆகவே நாம் குடிப்பதும் குளிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கிக் கிடக்கும் மழைநீரையே. தோட்டத்துக்குப் போடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக எஞ்சுவது நைத்திரேற்றாக மாறி, செம்மண்ணையும் கல்வெடிப்புகளையும் கடந்து அதே நீரில் கலக்கிறது. மலசலகூடக் குழிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, கொதிக்க வைத்தாலும் அது போகாது. குடிநீருக்கு உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் வலிகாமப் பகுதித் தோட்டக் கிணறுகள் பல அதை மீறுவது பழைய செய்தி. ஒரே கிணற்றில் நைத்திரேற்றின் அளவு மாரிக்கும் கோடைக்கும் இடையில் எப்படி மாறுகிறது என்பதையே நான் ஆராய விரும்பினேன்.

பேராசிரியருக்கு மின்னஞ்சலை அனுப்பிவிட்டுப் பொறுத்திருந்தேன். எனக்கு இருந்த பொறுமை பெரியம்மாவுக்கு இருக்கவில்லை. பேராசிரியரின் மனைவியை வெள்ளிக்கிழமைகளில் நல்லூர் வீதியில் காண்பவர் அவர். அந்த வெள்ளியும் கண்டார். நம் தமிழறிஞர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் சென்று கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தவர்கள். அதற்காக எவருடைய பெரியம்மாவும் திருமதி தொம்சனைக் கோயில் வீதியில் மறித்ததாக நான் அறியேன். சனிக்கிழமை காலை எனக்கு உத்தரவு வந்தது: "திங்கள் பத்து மணிக்கு வரட்டாம். சேட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு போ."

வெறுங்கையோடு பெரிய மனிதரைப் பார்க்கப் போகக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். கறுத்தக்கொழும்பான் மா பழுக்கிற காலம் வேறு. வீட்டிலிருந்த பைகளுள் உறுதியானது எதுவோ அதில் பழங்களை நிரப்பி, மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் வைத்துக் கட்டிவிட்டார். பேராசிரியரின் மேசையருகே அதை இறக்கி வைத்தபோதுதான் அது உரப்பை என்பதை இருவரும் ஒரே நேரத்தில் கவனித்தோம்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்து, பையில் அச்சிட்டிருந்ததைப் பரீட்சைத் தாள் வாசிப்பவர் போல வாசித்தார். "யூரியா. நைதரசன் நாற்பத்தாறு வீதம். இரும் தம்பி. உம்முடைய முன்மொழிவை விட இது விளக்கமாயிருக்கு."

மாம்பழத்தை ஏற்க முடியாது என்றும், மாணவராகச் சேர வந்த ஒருவரிடம் அன்பளிப்புப் பெறுவது முறையல்ல என்றும் அவர் சொன்னபோது அவர்மேல் எனக்கிருந்த மதிப்பு உயர்ந்தது. ஆனால், வழியில் குடிப்பதற்கென்று வீட்டுக் கிணற்றில் நிரப்பிக்கொண்டு வந்த பழைய சோடாப் போத்தல் அவர் கண்ணில் பட்டதும், அதைத் தயக்கமில்லாமல் எடுத்து மேசையில் வைத்துக்கொண்டார். எப்போது அள்ளியது, கிணறு எத்தனை முழம், தோட்டத்துக்குக் கடைசியாக எப்போது உரம் போட்டது என்று வரிசையாகக் கேள்விகள் வந்தன. மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று அவர் கேட்டபோது, பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டது போல நான் சற்று நெளிந்தேன். எல்லாவற்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிட்டு, முறையான மாதிரிக்குச் சுத்தமான போத்தலும் பனிக்கட்டிப் பெட்டியும் வேண்டும் என்றும், இது வெறும் அறிமுகம் என்றும் சொன்னார்.

மாம்பழம் அலுவலகத்துக்குப் போனது. தேநீர் வேளையில் அதை வெட்டித் தட்டில் வைத்தபோது அது பொதுச் சொத்தாகிவிட்டபடியால், பேராசிரியரும் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

மேற்பார்வைக்குச் சம்மதம் சொல்வதற்கு அவர் ஒரு நிபந்தனை வைத்தார். விவசாயிகளும் வீட்டுக்காரரும் கிணற்றைத் தொட விடாவிட்டால் இந்த ஆய்வு நடவாது. ஆகவே பத்துப் பன்னிரண்டு கிணற்றுக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வரவேண்டும். "உம்முடைய பெரியம்மாவிட்டைத் தொடங்கும். அவவுக்கு ஆராய்ச்சியிலை நல்ல அக்கறை."

அன்று பின்னேரமே போத்தலோடு போனேன். பெரியம்மா பிளேன்ரீ தந்து, பேராசிரியர் என்ன சொன்னார் என்று முழுவதும் கேட்டு மகிழ்ந்தார். ஆனால் போத்தலைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. அந்த வீடும் வளவும் கிணறும் மச்சாளுக்குச் சீதனமாக எழுதப்படவிருப்பவை. மாப்பிள்ளை வீட்டார் கிணற்றைப் பார்த்து, ஒரு வாய் குடித்து, நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட்டும் போயிருக்கிறார்கள்.

"எழுத்து முடியட்டும் ராசா," என்றார் பெரியம்மா, கிணற்றுக் கட்டிலிருந்த வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு. "அதுக்குப் பிறகு வந்து எவ்வளவு வேணுமெண்டாலும் அள்ளு. இப்ப பக்கத்து வீட்டிலை போய்க் கேள். அவைக்குக் குமர் இல்லை."