நீலாங்கரையிலிருந்து முட்டுக்காடு வரை, மணலிலேயே

தென்சென்னையின் நீலாங்கரையிலிருந்து தெற்கே முட்டுக்காடு வரைக்கும் ரோட்டுப் பக்கமே போகாமல் மணலிலேயே நடக்கலாம் என்றால் பலர் நம்புவதில்லை. ஏறத்தாழ 15 கிலோமீட்டர். இ.சி.ஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், பஸ்ஸில் போகும்போது அங்கே கடல் இருப்பதே தெரியாது. பங்களா, கேட், காம்பவுண்டு சுவர், அதற்கடுத்து இன்னொரு சுவர். ஆனால் ஏதாவது ஒரு குப்பத்துச் சந்து வழியாக உள்ளே போய்க் கரையைத் தொட்டுவிட்டால் தெற்கே கண்ணுக்கு எட்டின தூரம் வரை ஆளில்லாத கடற்கரைதான். ஞாயிற்றுக்கிழமை மெரினாவைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

நானும் அக்காவும் பிப்ரவரியில் விடியும்போதே கிளம்பினோம். அலை இறங்கும் நேரமாகப் பார்த்துப் போனால் ஈர மணல் கெட்டியாக இருக்கும், கால் புதையாது. கரை கடலை நோக்கிச் சரிவதால் தெற்கே நடக்கும்போது இடது கால் எப்போதும் தாழ்வாகவே விழும், கொஞ்ச நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அப்போது மேட்டு மணலுக்கு ஏறி நடந்தால் சரியாகிவிடும். அங்கே அடப்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும், ராவணன் மீசைப் புல் காலைக் குத்தும், செருப்பு வேண்டும். மணல் காற்றில் பறந்து போகாமல் பிடித்து வைத்திருப்பது இவை இரண்டும்தான். "பீச்சைச் சுத்தம் செய்கிறோம்" என்று இவற்றைப் பிடுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஈஞ்சம்பாக்கம் தாண்டி ஒரு இடத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், "எதுவரைக்கும்மா நடை?" என்று கேட்டார். முட்டுக்காடு என்றதும் சிரித்தார். கரை ஏன் இவ்வளவு ஒடுங்கிக் கிடக்கிறது என்று அக்கா கேட்டாள். "மழைக்காலத்துல கடல் அரிச்சிட்டுப் போயிடும்மா. இப்ப வெள்ளம் வடக்கே திரும்ப ஆரம்பிச்சிடுச்சு, இனிமே மண்ணு ஏறும்."

அவர் சொன்ன இந்த வெள்ளம்தான், அதாவது நீரோட்டம்தான், சென்னைக் கரையின் கதையே. வடகிழக்குப் பருவத்தில் மணல் தெற்கே நகர்கிறது, வருஷத்தின் மீதி மாதங்களில் வடக்கே, கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் எழுந்து அந்த ஓட்டத்தை மறித்ததால் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிபட்டு வீடுகள் போயின. இது தெரிந்த பிறகு, அக்கரையைத் தாண்டி ஒரு பங்களாவின் முன்னால் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருந்ததைச் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியவில்லை. அலை கல்லில் மோதித் திரும்பும்போது முன்னால் இருக்கும் மணலை வாரிக்கொண்டு போகிறது, பக்கத்து வீட்டுக் கரையும் அரிகிறது, அப்புறம் அவரும் கல் போடுகிறார். எங்களுக்கு அங்கே நடக்க இடமில்லை, முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் சுற்றிப் போனோம். கரை என்பது தனியாருக்கு எழுதிக் கொடுத்த சொத்து இல்லை. ஆட்கள் அதில் நடந்து போய்க்கொண்டே இருந்தால்தான் அடுத்த கல் விழும்போது யாராவது ஏன் என்று கேட்பார்கள்.

பனையூர், உத்தண்டி பக்கம் கிட்டத்தட்ட யாருமே இல்லை. கானாத்தூரில் டீ. மத்தியானம் கடற்காற்று எழுந்ததும் வெயில் தாங்கும்படி ஆனது. முட்டுக்காட்டில் உப்பங்கழி கடலில் சேரும் முகத்துவாரம் குறுக்கே வந்துவிடும், அங்கே நடை முடிந்தது. கோடையில் அது மணல் மூடிக் கிடக்கும், ஆனால் திறந்திருக்கும்போது இறங்கிக் கடக்க வேண்டாம், நீரோட்டம் இழுக்கும். மேற்கே திரும்பி ரோட்டுக்கு வந்தால் திருவான்மியூருக்கு பஸ் கிடைக்கும்.

வழியில் செத்து ஒதுங்கிய பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) ஒன்றையும் பார்த்தோம். இழுவலையில் சிக்கினால் அது மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்துப்போகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் மட்டும் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. தப்பி வருகிற தாய் ஆமைகள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை இதே மணலில்தான் ராத்திரியில் முட்டையிடுகின்றன. 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளியே வந்து எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும், இருட்டான கரையில் அது கடல். கரையோரம் வீடு வைத்திருப்பவர்களில் யாராவது இதைப் படித்தால், மே மாதம் வரைக்குமாவது கடல் பக்கத்து விளக்குகளை ராத்திரியில் அணைத்துவிடுங்கள்.