பல்பு காட்டிக்கொடுத்த இடம்

நாலாவது ஃபியூஸும் போனதும், பைக்கைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக் அண்ணனிடம் போனேன்.

"10 ஆம்பியருக்குப் பதிலா 20 போட்டுடலாமாண்ணே?"

"ஃபியூஸ் தப்பிச்சிடும், ஒயரு கருகிடும். பரவாயில்லையா?"

ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு பழைய 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பை மாட்டிவிட்டுச் சாவியைப் போட்டார். மங்கலாக எரிந்தது. ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுசாக ஒடித்தார்.

பளீர்!

நேராக்கினால் மறுபடி மங்கல்.

கழுத்துப் பக்கம் ஒயர்க் கட்டைப் பிரித்தார். பிளாஸ்டிக் தேய்ந்து, கடுகளவு செம்பு தெரிந்தது. ஒடிக்கும்போதெல்லாம் அது ஃபிரேமில் உரசி ஷார்ட் ஆகியிருக்கிறது; பல்பு பளீரென்று எரிந்ததும் அதனால்தான். ஃபியூஸ் பாவம், தன் வேலையைத்தான் பார்த்திருக்கிறது.

எங்கள் சந்துக்குள் நுழைய இடப்பக்கம் முழுசாக ஒடிக்கணும். வண்டி எப்போதும் அங்கேதான் ஆஃப் ஆகி நின்றுவிடும்.

நானோ அங்கிருக்கும் வேகத்தடையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.