ஐந்து மோடியுஸ் கோதுமை

அக்டோபர் 7, ரோம்

போர்த்தா மஜ்ஜோரே பக்கத்தில், டிராம் தண்டவாளங்களை ஒட்டி ஒரு கல்லறை நிற்கிறது. மார்க்குஸ் வெர்கிலியுஸ் யூரிசாசெஸ் என்ற ரொட்டிக்காரருடையது. கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. அவர் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவராக இருக்கலாம் என்பது பலர் கருத்து. அரசர்களும் தளபதிகளும் தங்கள் வெற்றியைக் கல்லில் செதுக்கிய ஊரில், இவர் தன் அடுமனையைச் செதுக்கச் சொல்லியிருக்கிறார். கழுதை சுற்றும் திரிகை, மாவு சலிப்பவர்கள், பிசையும் தொட்டி, நீளமான துடுப்பால் அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளுகிறவர், பெரிய தராசில் ஏறும் கூடைகள். டோகா என்ற நீளமான மேலாடை உடுத்தியவர்கள் மேற்பார்வை பார்க்கிறார்கள், குட்டை அங்கி போட்டவர்கள் வேலை செய்கிறார்கள். கல்வெட்டில் முதலாளியின் பெயர் மட்டும்தான். மாவு பிசைந்தவர்கள் யார் என்ற கேள்வியோடுதான் அறைக்குத் திரும்பினேன்.

அக்டோபர் 8, ஓஸ்தியா

பழைய துறைமுக நகரம். நாள் முழுக்க நடந்தும் பாதிதான் பார்க்க முடிந்தது. கோதுமை அளப்பவர்களின் மண்டபத்துத் தரையில் ஒரு கருப்பு வெள்ளை மொசைக்: நடுவில் மோடியுஸ் என்ற அளவுப் பாத்திரம், சுற்றிலும் ஆட்கள், மூட்டை சுமப்பவர், எண்ணிக்கைக் குச்சிகள் பிடித்த ஒரு சிறுவன். எகிப்து, வட ஆப்பிரிக்கா, சிசிலி என்று கடல் கடந்து வந்த தானியம் இப்படி அளக்கப்பட்டு, டைபர் ஆற்றில் படகேறி, கரையிலிருந்து இழுக்கப்பட்டு ரோம் போய்ச் சேர்ந்தது. பெரிய கப்பல்கள் வர இங்கே வசதி போதாது என்றுதான் பேரரசர் கிளாடியுஸ் கி.பி. 42இல் பக்கத்தில் புதுத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்.

டயானா இல்லம் என்று பெயர் வைத்திருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் வெகுநேரம் இருந்தேன். கீழே கடைகள், மேலே வாடகை அறைகள். அந்தக் காலத்து மாடி அறைகளில் பெரும்பாலும் சமையலறையே கிடையாது, கரி அடுப்பு வைத்தால் தீப்பிடிக்கும் பயம். அதனால் கஞ்சியோ பருப்போ வாங்கிச் சாப்பிடத் தெருவுக்குத்தான் வர வேண்டும். அதே தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடை, பளிங்குக் கல் மேடையோடு இன்னும் நிற்கிறது. சுவரில் உணவுப் பண்டங்களின் ஓவியம்கூட அழியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் என்ன கிடைக்கும் என்று பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்கள்.

அக்டோபர் 9, ரோம்

மழை. அறையிலேயே இருந்து கணக்குப் பார்த்தேன்.

முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்து ரோமின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம் என்கிறார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இலவச தானியப் பட்டியலிலிருந்து. கி.மு. 123இல் கையுஸ் கிராக்குஸ் என்ற மக்கள் தலைவர் மலிவு விலையில் தானியம் கொடுக்க வைத்தார், கி.மு. 58இல் அது இலவசமானது. ஜூலியஸ் சீசர் 3,20,000 பேரை 1,50,000 ஆகக் குறைத்தார். அப்புறம் மறுபடி ஏறி, கி.மு. 2இல் 2 லட்சத்துக்குக் கொஞ்சம் அதிகம் என்று அகஸ்டஸே எழுதி வைத்திருக்கிறார். பட்டியலில் இருப்பவர்கள் குடியுரிமை பெற்ற ஆண்கள். மனைவி, பிள்ளைகள், அடிமைகள், வெளியூரார் எல்லாரையும் நாம்தான் உத்தேசமாகச் சேர்த்து 10 லட்சம் ஆக்குகிறோம்.

பட்டியலில் இருப்பவருக்கு மாதத்துக்கு 5 மோடியுஸ் என்றால் ஏறக்குறைய 33 கிலோ கோதுமை. பண்ணை அடிமைக்குக் குளிர்காலத்தில் 4, கோடையில் நாலரை போதும் என்று பண்ணை வேலை பற்றி நூல் எழுதிய கேட்டோ என்ற ரோமர் சொல்கிறார். ஆக, ஒரு ஆளுக்கு இது தாராளம், குடும்பத்துக்குப் போதாது. மீதியைக் கடையில்தான் வாங்க வேண்டும்.

குடிக்கணக்கு இன்னும் சிக்கல். கி.மு. 70இல் குடிமக்கள் சுமார் 9 லட்சம். கி.மு. 28இல் 40,63,000. நடுவில் வட இத்தாலியர் பலர் குடியுரிமை பெற்றிருந்தாலும் இவ்வளவு கூடியிருக்க முடியாது. பெண்களையும் குழந்தைகளையும் அகஸ்டஸ் சேர்த்துவிட்டார் என்று ஒரு கட்சி, ஆண்கள் மட்டும்தான் என்று மறு கட்சி. இரண்டாவது கட்சி சரியென்றால் இத்தாலியின் மொத்த மக்கள்தொகை இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். எனக்கு முதல் விளக்கமே நம்பும்படி இருக்கிறது.

எகிப்தில் மட்டும் வரி வாங்குவதற்காக 14 ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக எல்லாரையும் எழுதினார்கள், அடிமைகள் உட்பட. சுமார் 300 வீட்டு விவரங்கள் பாப்பிரஸ் தாளில் தப்பியிருக்கின்றன. அவற்றை வைத்துக் கணித்தால் பிறக்கும் பெண் குழந்தையின் சராசரி ஆயுள் 22 வயதுக்குப் பக்கத்தில் நிற்கிறது. குழந்தைச் சாவுகள்தான் அந்த எண்ணை இவ்வளவு கீழே இழுக்கின்றன.

அக்டோபர் 10

மக்செந்தியுஸ் மண்டபத்துக்கு அடியில் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கின் எச்சங்கள் இருக்கின்றன. முசிறியிலிருந்து கிளம்பிய மூட்டைகள் வந்து சேர்ந்த இடம். கருமிளகு ஒரு ராத்தல் 4 தினாரியுஸ் (வெள்ளிக் காசு) என்று ரோம எழுத்தாளர் பிளினி விலை சொல்கிறார். பணக்காரர் பண்டம் என்று சொல்லிவிட முடியாது: பிரிட்டனின் வட எல்லையில், விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த மரப்பலகைக் கணக்கில் கம்பாக்ஸ் என்பவர் 2 தினாரியுசுக்கு மிளகு வாங்கியிருக்கிறார். சேரநாட்டு மலையில் காய்த்தது அந்தக் குளிருக்குப் போயிருக்கிறது!

அக்டோபர் 11, எர்கொலானோ

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்தது ஒரு கழிவுக் கால்வாய். கடைகளும் சாதாரணக் குடியிருப்புகளும் இருந்த கட்டடத்துக்கு அடியில் ஓடுகிறது. அங்கிருந்து 700 மூட்டைக்கு மேல் மக்கிய கழிவை எடுத்துச் சலித்திருக்கிறார்கள். அத்தி விதை, ஆலிவ் கொட்டை, முட்டை ஓடு, கடல் முள்ளெலி, ஏகப்பட்ட வகை மீன்முள். ஏழைகள் வெறும் ரொட்டியில் காலம் தள்ளினார்கள் என்ற பேச்சை இந்தக் கால்வாய் உடைத்துவிட்டது. மேலே குடியிருந்தவர்கள் எந்தப் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தின்றது பதிவாகியிருக்கிறது.

வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது கடற்கரைப் படகுக் கொட்டகைகளில் ஒதுங்கி இறந்த 300க்கு மேற்பட்டோரில் சிலரின் எலும்பை ஆராய்ந்து 2021இல் ஒரு முடிவு வெளியானது. ஆண்கள் பெண்களைவிடக் கடல் உணவு அதிகம் சாப்பிட்டிருக்கிறார்கள். மீன்பிடித் தொழில் ஆண்கள் கையில் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

அக்டோபர் 12, பொம்பேய்

2023இல் வெளிப்பட்ட அடுமனை பற்றித்தான் இன்று முழுக்க யோசனை. சிறிய சன்னல்களில் இரும்புக் கம்பி. வெளியே போக வழி கிடையாது, வீட்டின் நடுக்கூடத்துக்கு மட்டும்தான் கதவு. கழுதைகள் இடம் மாறாமல் சுற்றத் தரையில் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். அடிமைகளும் விலங்குகளும் அங்கேயே அடைந்து கிடந்து மாவு அரைத்திருக்கிறார்கள். யூரிசாசெஸ் கல்லறையில் அழகாகத் தெரியும் வேலை நிஜத்தில் எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட நேரான சான்று நான் பார்த்ததில்லை.

எர்கொலானோவில் கிடைத்த கருகிய ரொட்டி ஒன்றில் முத்திரை பதிந்திருக்கிறது: ‘குவின்டுஸ் கிரானியுஸ் வேருஸின் அடிமை செலெர்’. பொது அடுப்பில் பல வீட்டு ரொட்டிகள் ஒன்றாக வேகும்போது மாறிப்போகாமல் இருக்கக் குத்தியது என்பது ஒரு விளக்கம். அடிமையாக இருக்கும்வரை தானியப் பட்டியலில் ஏறியிருக்க முடியாத ஒருவரின் பெயர் அது. நாளை நேப்பிள்ஸ் அருங்காட்சியகம். எட்டுத் துண்டாகக் கீறிய மற்ற ரொட்டிகளையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.