அப்பா போனுக்குப் போன மெசேஜ்

தடுப்பூசி நாளை நினைவூட்ட மெசேஜ் போதும், செலவும் குறைவு என்கிறார்கள்; என் கதையைக் கேளுங்கள். மகளுக்கு 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் ஒன்றுகூடத் தவறவில்லை. அம்மா வீட்டில் இருந்தேன், புதன்கிழமையானால் கிராம செவிலியரே வாசலில் நின்று குரல் கொடுப்பார், தூக்கிக்கொண்டு போனால் வேலை முடிந்தது. ஒன்பதாம் மாதம் தட்டம்மை ரூபெல்லா ஊசியும் அங்கேயே. அப்புறம் திருப்பூர் வந்து பனியன் கம்பெனி வேலையில் சேர்ந்தாயிற்று, அடுத்த ஊசி 16 மாதத்துக்கு மேல்தானே என்று தடுப்பூசி அட்டையை பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தவள்தான். அந்த ஏழு மாத இடைவெளி பொல்லாதது.

22 மாதம் ஆனபோது அங்கன்வாடி டீச்சர் அட்டையைக் கேட்டார். பார்த்தால் பூஸ்டர், அதாவது மறுபடி போடும் ஊசிகளின் கட்டமெல்லாம் காலி. 24 மாதம் வரை போடலாம் என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. "உங்களுக்கு மெசேஜ் வந்திருக்குமே?" என்றார். வந்திருக்கிறது, கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த என் அப்பா நம்பருக்கு! அவர் அதை பேங்க் மெசேஜ் என்று நினைத்து அழித்துவிட்டார், பாவம்.

அரைநாள் லீவு போட்டு ஊசி போடும் இடத்துக்குப் போன முதல் புதன், என் பிள்ளை மட்டும்தான். தட்டம்மை மருந்துக் குப்பியைக் கரைத்தால் நாலு மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும், மீதியைக் கொட்டத்தான் வேண்டும், அடுத்த வாரம் வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். அரைநாள் சம்பளமும் ஆட்டோ காசும் போனதுதான் மிச்சம், நல்ல கோபம்.

அடுத்த செவ்வாய் சாயங்காலம் அங்கிருந்த நர்ஸே போன் பண்ணினார்: "நாளைக்கு ஏழு குழந்தைங்க வருதும்மா, நீங்களும் வந்துருங்க." ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. நோட்டில் பெயர் எழுதி, ஒவ்வொரு வீட்டுக்கும் தானே பேசியிருக்கிறார். இரண்டு ஊசி, போலியோ சொட்டு, அரை மணி நேரம் உட்காரவைத்து, காய்ச்சல் மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள்.

மெசேஜுக்குச் சில பைசாதான் ஆகும், சரி. ஆனால் தப்பான நம்பருக்குப் போனால் அந்தச் சில பைசாவும் தண்டம். நர்ஸ் பேசும் போனுக்கு அவர் நேரம் செலவாகிறதுதான், ஆனால் எட்டுக் குழந்தைகளை ஒரே நாளில் சேர்த்தால் கொட்டும் மருந்து மிச்சம், எங்கள் கூலியும் மிச்சம். என்னைக் கேட்டால் முதல் வேலை, வரும்போதெல்லாம் "இதே நம்பர்தானா?" என்று ஒரு கேள்வி. என்னை யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்லித்தான் மாற்றினேன், இரண்டு நிமிஷ வேலை.

அட்டை இப்போது ரேஷன் கார்டோடு ஒரே கவரில்.