மினி ஃபேஸ்லிஃப்ட் கொட்டேஷனில் எழுதாமல் விட்டவை

ஒரே முகத்துக்கு மூன்று கிளினிக்கில் மினி ஃபேஸ்லிஃப்ட் (தொங்கும் முகத்தை இழுத்துத் தூக்கும் சிறிய அறுவை) விலை கேட்டால், மூன்று தொகையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் அவர்கள் செய்யப்போவது ஒன்றல்ல என்பதே காரணம். மினி ஃபேஸ்லிஃப்ட் என்பதற்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே வரையறை கிடையாது. காதோரம் தோலை மட்டும் கொஞ்சம் நறுக்கி இழுத்துத் தைப்பதற்கும் அந்தப் பெயர்தான், தோலுக்கு அடியில் இருக்கும் ஸ்மாஸ் படலத்தைத் தூக்கி நிறுத்துவதற்கும் அதே பெயர்தான். ஆகவே, எவ்வளவு ஆகும் என்று கேட்பதற்கு முன்னால், "ஸ்மாஸை என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

ஸ்மாஸ் என்பது முகத்தசைகளோடு இணைந்து பரவியிருக்கும் நார்ப்படலம். மிட்ஸ், பெய்ரோனி என்ற இரு மருத்துவர்கள் 1976ல் அதை விவரித்துப் பெயரிட்டார்கள். ஃபேஸ்லிஃப்ட் நிலைத்து நிற்பதும் தளர்வதும் பெரும்பாலும் இந்தப் படலத்தைப் பொறுத்தது. தோலுக்கு நீளும் தன்மை உண்டு. பாரத்தை அதன்மேல் ஏற்றினால் சில மாதங்களில் மீண்டும் தளரும், தழும்பு அகலமாகும், காது மடலின் நுனி கன்னத்தோடு ஒட்டி கீழே இழுபட்டு நிற்கும். படலத்தை மடித்தோ, தூக்கியோ தைத்துவிட்டு, மிஞ்சிய தோலை இழுவிசை இல்லாமல் வெட்டிச் சேர்ப்பதே சரியான முறை. 2002ல் டொனார்டு, வெர்பெயில் என்ற சர்ஜன்கள் வெளியிட்ட மேக்ஸ் லிஃப்ட் என்ற மினி ஃபேஸ்லிஃப்ட் முறையில், சுருக்குப்பையின் வாயைச் சுருக்குவதுபோல் தையல் ஓட்டி, தளர்ந்த திசுவைப் பொட்டுப் பக்கமாக மேல்நோக்கித் தூக்குவார்கள். தழும்பு காதுக்கு முன்புறத்தோடு முடிந்துவிடும்.

அடுத்து, உங்கள் முகத்துக்கு இது பொருந்துமா என்று பார்க்க வேண்டும். மினி ஃபேஸ்லிஃப்ட் சரிசெய்வது தாடையோரத் தொங்கலையும் கன்னத்தின் கீழ்ப்பாதியையும்தான். கழுத்தில் கயிறுபோல் தெரியும் நெடுக்கு வரிகளை அது போக்காது. கழுத்துத் தோல் அதிகமாகத் தொங்கினாலும் இது போதாது, முழு ஃபேஸ்லிஃப்டோ கழுத்து லிஃப்டோ தேவைப்படும். கன்னம் ஒட்டிப்போனது கொழுப்புக் குறைவால் என்றால் இழுப்பதால் பயனில்லை. தோலின் நுண்சுருக்கத்துக்கும் வெயில் கறைக்கும் லேசர் போன்ற வேறு வழிகள் இருக்கின்றன. கண்ணாடி முன் நேராக உட்கார்ந்து, காதுக்கு முன்னால் இரண்டு விரலால் லேசாக மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். அந்த அளவு மாற்றமே போதும் என்று தோன்றினால் மேலே பேசலாம். கழுத்தையும் சேர்த்து இழுத்தால்தான் நன்றாக இருக்கிறது என்றால், குறைந்த விலை என்பதற்காக மினியைத் தேர்ந்தெடுப்பது வீண்செலவு. ஒரு வருடத்தில் இரண்டாவது அறுவைக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும்.

இனி கொட்டேஷன். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் சர்ஜன் கட்டணம் மட்டும். மயக்க மருந்து நிபுணரின் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் வாடகை, ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., மருந்துகள், முகத்தைச் சுற்றிப் போடும் அழுத்தப் பட்டை, ஒரு இரவு தங்கல், தையல் எடுப்பு, தொடர் பரிசோதனைகள் எல்லாம் தனி. எழுத்தில், வரி வரியாகக் கேளுங்கள். "எல்லாம் உட்பட" என்ற ஒற்றை வரியை ஏற்க வேண்டாம். இரண்டு வரிகள் பெரும்பாலான கொட்டேஷன்களில் இருக்காது. ரத்தக்கட்டு ஏற்பட்டு அதே இரவில் மீண்டும் தியேட்டருக்குப் போனால் யார் கட்டுவது என்பது ஒன்று. தழும்பிலோ சமச்சீரிலோ குறை இருந்து திருத்தம் செய்ய வேண்டிவந்தால், எத்தனை மாதத்துக்குள், எந்தெந்தக் கட்டணம் தள்ளுபடி என்பது இன்னொன்று. சர்ஜன் தன் கட்டணத்தை விட்டுக்கொடுத்தாலும் தியேட்டருக்கும் மயக்க மருந்துக்கும் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். அழகு அறுவை என்பதால் மருத்துவக் காப்பீடு பொதுவாக இதை ஏற்காது. அறுவையால் வரும் சிக்கலுக்கான சிகிச்சையையும் பல பாலிசிகள் விலக்கியிருக்கும். பாலிசியின் விலக்குப் பட்டியலை முன்கூட்டியே படியுங்கள்.

"இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி" என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முகத்தில் கத்தி வைக்கும் முடிவை ஒரு வாரமாவது ஆறப்போட வேண்டும்.

சர்ஜனைப் பற்றி விசாரிக்கும்போது அட்டையில் இருக்கும் "காஸ்மெட்டிக் சர்ஜன்" என்ற பட்டத்தை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். பல நாடுகளில் அந்தச் சொல்லைச் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. ஆஸ்திரேலியாவில்கூட, உரிய அறுவைப் பயிற்சி பெறாத மருத்துவர்கள் தங்களைச் சர்ஜன் என்று அழைத்துக்கொள்ள 2023ல்தான் தடை வந்தது. பார்க்க வேண்டியது நிபுணத்துவத் தகுதியைத்தான். இந்தியாவில் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான தேசிய வாரியப் பட்டம், அமெரிக்காவில் அமெரிக்கன் போர்டு ஆஃப் பிளாஸ்டிக் சர்ஜரியின் சான்று, பிரிட்டனில் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் நிபுணர் பதிவேடு என்று நாட்டுக்கு நாடு மாறும். காது மூக்கு தொண்டைப் படிப்புக்குப் பின் முக அறுவையில் தனிப் பயிற்சி எடுத்தவர்களும் தகுதியானவர்களே. சுவரில் மாட்டிய சான்றிதழை நம்பி இருக்காமல், மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயரையும் பதிவு எண்ணையும் நீங்களே தேடிச் சரிபாருங்கள்.

தகுதி இருப்பது முதல் படிதான். ஃபேஸ்லிஃப்ட் அவர் அடிக்கடி செய்வதா, எப்போதாவது செய்வதா? ஒரு பெரிய மருத்துவமனை அவருக்கு இதே அறுவையைச் செய்ய அனுமதி தந்திருக்கிறதா? ஆபரேஷனை முழுக்க அவரே செய்வாரா? மயக்க மருந்து கொடுப்பவர் தனி நிபுணரா? லோக்கல் அனஸ்தீசியாவோடு தூக்க மருந்தும் கொடுப்பார்கள் என்றால், அறுப்பவரே அதையும் கவனித்துக்கொள்வது ஆபத்து. உங்கள் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க மட்டும் ஒருவர் இருக்க வேண்டும். ராத்திரி 2 மணிக்கு முகம் வீங்கினால் எந்த எண்ணில் யார் எடுப்பார்கள்? இதற்கு மழுப்பலான பதில் வந்தால் அவருடைய மற்ற தகுதிகளுக்குப் பயனில்லை. ஆலோசனைக்குப் போனபோது விற்பனைப் பிரதிநிதிதான் பேசினார், சர்ஜனை ஆபரேஷன் அன்றுதான் பார்க்கலாம் என்றால் அங்கே செய்ய வேண்டாம்.

முன்-பின் படங்களில் கண் முதலில் தாடைக்குத்தான் போகும். காதைப் பாருங்கள். காது மடல் இயல்பாகத் தொங்குகிறதா, காதுத்துளைக்கு முன்னால் இருக்கும் குருத்தெலும்பு மொட்டு முன்னால் இழுபட்டு காதுத்துளை திறந்து தெரிகிறதா, கிருதா முடி மேலே ஏறிவிட்டதா என்று பாருங்கள். "பின்" படத்தில் முகவாயைக் கொஞ்சம் தூக்கினாலே தொங்கல் பாதி மறையும். ஒரே கோணம், ஒரே வெளிச்சம், ஒப்பனை இல்லாத முகம், முடியைக் கட்டி எடுத்த பக்கவாட்டுப் படம் கேளுங்கள். ஆறு வாரத்தில் எடுத்த படத்தில் வீக்கமே சுருக்கத்தை நிரப்பியிருக்கும். ஒரு வருடம் கழித்து எடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.

தேதி குறித்தாயிற்றா? புகைப்பதை முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரம் நிறுத்தியாக வேண்டும். வேப் எனும் மின்சிகரெட்டும் நிக்கோட்டின் சூயிங்கம்மும் இதில் சேரும். தோலை அடித்திசுவிலிருந்து பிரித்து எடுப்பதால் அது மெல்லிய ரத்தக்குழாய்களை நம்பித்தான் பிழைக்கிறது. நிக்கோட்டின் அவற்றைச் சுருக்கிவிட்டால் காதோரத் தோல் கறுத்து உதிரும். சர்ஜனிடம் இதை மறைக்காதீர்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, ஜிங்கோ மூலிகை மாத்திரை ஆகியவற்றைப் பொதுவாக 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதய மருத்துவர் எழுதிய ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தக்கூடாது. இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவு செய்யட்டும்.

அறுவை அன்றைக்கு, முகத்தில் வெட்டவும் தூக்கவும் வேண்டிய இடங்களை உங்களை உட்காரவைத்துத்தான் கோடு போட்டுக் குறிக்க வேண்டும். படுத்தால் தொங்கல் காதுப் பக்கம் நழுவி இடம் மாறிவிடும். அறுவை சுமார் 2 மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல். ரத்தக்கசிவைக் குறைக்க, மரத்துப்போகும் மருந்தோடு அட்ரினலினும் கலந்து செலுத்துவார்கள். அதன் வேகம் இறங்கும்போது சுருங்கியிருந்த குழாய்கள் விரியும். அந்த நேரத்தில் வலியோ வாந்தியோ வந்து ரத்த அழுத்தமும் ஏறினால் உள்ளே ரத்தம் கட்டும். ஃபேஸ்லிஃப்டில் அதிகம் வரும் சிக்கல் இதுதான், பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். ஆண்களுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் அபாயம் கூடுதல். இரண்டு கன்னமும் ஒரே மாதிரி வீங்குவது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று இறுகி, வலி ஏறிக்கொண்டே போனால் காலை வரை பொறுக்காமல் உடனே கூப்பிட வேண்டும். மாத்திரை போட்டுப் படுத்துவிட்டால் மேலிருக்கும் தோல் ரத்த ஓட்டம் இழந்துவிடும். முதல் இரவு துணைக்கு ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு வாரமாவது தலையை உயர்த்தியே தூக்கம். குனிந்து எடை தூக்கக்கூடாது. மரத்துப்போன கன்னத்தில் ஐஸை நேரடியாக வைக்காதீர்கள், ஹேர் டிரையரின் சூட்டையும் காட்டாதீர்கள். சுட்டாலும் உணர்வு இருக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். காதுக்கு முன்னால் உள்ள தையலை 5 முதல் 7 நாளில் எடுப்பார்கள். கன்றிய நிறம் கழுத்துக்கு இறங்குவதைக் கண்டு பயப்பட வேண்டாம். மூன்றாம் நான்காம் நாளில் வீங்கிய முகத்தைப் பார்த்து மனசு சோர்ந்துபோவது பலருக்கும் நடக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லிவைத்தால் நல்லது. 10 முதல் 14 நாளில் வேலைக்குப் போகலாம். ஓட்டமும் ஜிம்மும் சர்ஜன் சொன்ன பிறகுதான், வழக்கமாக 3 அல்லது 4 வாரம் ஆகும்.

காது மடல் மரத்திருப்பது சில மாதங்கள் நீடிக்கலாம். புருவத்தைத் தூக்க முடியாமலோ கீழுதடு ஒரு பக்கம் இறங்காமலோ இருந்தால் முகநரம்பு கிளைகளில் அதிர்ச்சி இருக்கக்கூடும். பெரும்பாலும் தானே திரும்பும், ஆனாலும் சர்ஜன் நேரில் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். தழும்பு தடித்து அரித்தால் ஸ்டீராய்டு ஊசி பற்றி உடனே கேளுங்கள், அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. மற்றபடி அது வெளுத்துப் படிய ஒரு வருடம் பிடிக்கும். அதுவரை வெயில் படாமல் சன்ஸ்கிரீன் போட வேண்டும். திருத்தம் பற்றிய பேச்சு வந்தால், கொட்டேஷனில் திருத்தத்துக்கு எழுதி வாங்கிய அந்த வரியையும், முதல் நாள் படத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.